கண்டென்சர் கண்ட ஜேம்ஸ் வாட்



நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நாலாம் வகுப்புப் பையன்கூட ஜேம்ஸ் வாட் என்று டக்கென்று சொல்லிவிடுவான். அடுப்பில் கெட்டில் கொதித்தது, மூடி ஆடியது, சிறுவன் வாட் பார்த்தான், எஞ்சின் பிறந்தது. கதை முடிந்தது! நம் எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் விஷயம் அப்படியில்லை. வாட் பிறப்பதற்கு 24 வருஷம் முன்னாடியே, 1712-ல், இங்கிலாந்தில் டட்லி என்ற ஊருக்குப் பக்கத்தில் தாமஸ் நியூகமன் என்ற இரும்பு வியாபாரி செய்த எஞ்சின் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் கெட்டில் கதையும் வாட்டின் உறவுக்காரப் பெண் ஒருவர் பல வருஷம் கழித்து நினைவிலிருந்து சொன்னதுதான். அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தப் பெண் சொன்ன கதையில் முக்கியமானது மூடி ஆடியது இல்லை. பையன் ஆவிக்கு நேரே கரண்டியையும் கோப்பையையும் பிடித்து, அதில் படிந்து சொட்டும் தண்ணீர்த் துளிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அதைப் பார்த்து அத்தை திட்டினாராம். கதை நிஜமோ பொய்யோ, வாட்டின் வாழ்க்கைக்கு இதுதான் பொருத்தம். ஆவி எப்படி எழும்புகிறது என்பதைவிட, அது எங்கே போய் மறுபடி தண்ணீராகிறது என்று பார்த்தவர் அவர்.

ஜேம்ஸ் வாட் 1736 ஜனவரி 19-ம் தேதி ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் உள்ள கிரீனாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா கப்பல் வேலைத் தச்சர், கப்பல் சாமான் வியாபாரி. (அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கிய சர்க்கரையும் புகையிலையும் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை. அந்த வியாபாரத்தின் பணத்தில்தான் இந்தக் குடும்பமும் வாழ்ந்தது. இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.) வாட் சின்ன வயதிலேயே நோஞ்சான். தீராத தலைவலி. பள்ளிக்கூடம் சரியாகப் போக முடியாமல் அம்மாவிடம்தான் முதலில் படித்தார். அப்பாவின் பட்டறையில் அவருக்கென்று சின்னச் சின்ன டூல்ஸ் இருந்தன. உளியும் அரமும் கையில் பிடித்து வளர்ந்த பிள்ளை.

அம்மா இறந்து, அப்பாவின் வியாபாரமும் சரிந்த பிறகு, ஏதாவது ஒரு கைத்தொழில் வேண்டும் என்று கருவி செய்யும் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். காம்பஸ், ஸ்கேல், குவாட்ரண்ட் மாதிரி அளவுக் கருவிகள். ஸ்காட்லாந்தில் கற்றுத்தர ஆள் இல்லை. 1755-ல் லண்டன் போனார். அங்கே ஒரு தொழிலைக் கற்க முறைப்படி ஏழு வருஷம் அப்ரண்டிஸாக இருக்க வேண்டும். அவ்வளவு வருஷம் அவரிடம் இல்லை, காசும் இல்லை. ஜான் மார்கன் என்பவரிடம் 20 கினி கட்டி ஒரே வருஷத்தில் ஏழு வருஷ வேலையைக் கற்றுக்கொண்டு, உடம்பைக் கெடுத்துக்கொண்டு, 1756-ல் திரும்பி வந்தார்.

கிளாஸ்கோவில் கடை வைக்கலாம் என்றால் அங்கேயும் முட்டுக்கட்டை. ஹேமர்மென் என்று உலோக வேலைக்காரர்களின் சபை ஒன்று இருந்தது. ஏழு வருஷம் முடிக்காதவர், ஊர்க்காரரும் இல்லை, இவரை எப்படி விடுவது என்று தடுத்ததாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கையில் தொழில் இருக்கிறது, காகிதம் இல்லை. அவ்வளவுதான்!

நண்பர்களே, இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் ஊரில் ஒரு பெரியவர், டிப்ளமான்னா டிகிரிக்குக் கீழதானே என்று கேட்டார். அப்பா பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். அதனால் வாட்டின் கதையில் இந்தப் பக்கத்தை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன்.

வாட்டுக்குக் கதவு திறந்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில். ஜமைக்காவிலிருந்து வானியல் கருவிகள் கப்பலில் வந்திருந்தன. கடல் காற்றில் கெட்டுப்போன அவற்றைச் சுத்தம் செய்து கொடுத்தார், 5 பவுண்டு கூலி. வேலையைப் பார்த்துவிட்டு 1757-ல் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு ஒர்க் ஷாப் கொடுத்தார்கள். சபையின் அதிகாரம் வளாகத்துக்குள் செல்லாது. ஒரு மெக்கானிக்காக உள்ளே போனவர்தான். ஆனால் அந்த ஒர்க் ஷாப்பில் வந்து உட்கார்ந்து பேசியவர்கள் யார் தெரியுமா? வேதியியல் பேராசிரியர் ஜோசப் பிளாக், மாணவராக இருந்த ஜான் ராபிசன், பொருளாதார மேதை ஆடம் ஸ்மித்! படிப்பில் பெரியவர்கள், கையில் அழுக்குப் படிந்த ஒருவரிடம் சந்தேகம் கேட்டு வந்தார்கள்.

இனிதான் நம் சப்ஜெக்ட்.

1763-64 குளிர்காலத்தில் பேராசிரியர் ஜான் ஆண்டர்சன் ஒரு மாடலை ரிப்பேருக்குக் கொடுத்தார். வகுப்பில் காட்ட வைத்திருந்த நியூகமன் எஞ்சினின் சின்ன மாடல். லண்டன் வரைக்கும் போய்ச் சரியாகாமல் திரும்பி வந்தது. சிலிண்டர் 2 இன்ச் விட்டம், ஸ்ட்ரோக் 6 இன்ச். வாட் அதைச் சரி செய்தார். ஆனாலும் சில ஸ்ட்ரோக் ஓடியதும் நின்றுவிடும்! பாய்லரில் ஆவி தீர்ந்துபோகிறது. அந்தச் சிலிண்டருக்கு அந்தப் பாய்லரே அதிகம். பிறகு ஆவி எங்கே போகிறது?

நியூகமன் எஞ்சின் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் ஆவி வரும், பிஸ்டன் மேலே போகும். பிறகு அதே சிலிண்டருக்குள்ளேயே பச்சைத் தண்ணீரைப் பீச்சுவார்கள். ஆவி சட்டென்று சுருங்கித் தண்ணீராகும். உள்ளே வெற்றிடம். மேலே இருக்கும் காற்று மண்டலம் பிஸ்டனைக் கீழே அழுத்தும். அந்த அழுத்தம்தான் வேலை செய்கிறது. ஆவி தள்ளுவதே இல்லை. அடுத்த ஸ்ட்ரோக்குக்கு மறுபடி ஆவி வருகிறது. எதற்குள் வருகிறது? இப்போதுதான் தண்ணீர் பட்டுக் குளிர்ந்த சிலிண்டருக்குள்! வந்த ஆவியில் பெரும்பகுதி சிலிண்டர் சுவரில் பட்டுப் பட்டுத் தண்ணீராகி, சுவரைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. சுவர் சூடான பிறகுதான் மிச்ச ஆவி சிலிண்டரை நிரப்பும்.

பெரிய எஞ்சினுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. ஆனால் சின்ன மாடலில் ஏன் இவ்வளவு மோசம்? கணக்குப் போட்டால் புரியும். சிலிண்டர் சுவரின் பரப்பை உள்ளே இருக்கும் கன அளவால் வகுத்தால், 4-ஐ விட்டத்தால் வகுத்ததுதான் வரும். 2 இன்ச் சிலிண்டருக்கு இது 2. சுரங்கத்தில் 48 இன்ச் சிலிண்டர் இருந்தால் அதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது, ஒவ்வொரு கன இன்ச் ஆவிக்கும் மாடலில் 24 மடங்கு அதிகமான குளிர்ந்த சுவர் காத்திருக்கிறது. போதாததற்கு மாடலின் சிலிண்டர் பித்தளை. வார்ப்பிரும்பைவிட வெப்பத்தை வேகமாக உறிஞ்சும். வாட் இதைப் பிடித்துக்கொண்டார். எண்ணெயில் ஊறவைத்த மரத்தில் 6 இன்ச் விட்டத்துக்கு ஒரு சிலிண்டர் செய்து பார்த்தார். ஆவி வீணாவது குறைந்தது. ஆக, திருடன் சுவர்தான் என்று தெரிந்துவிட்டது.

அடுத்து இன்னொரு ஆச்சரியம். சிலிண்டருக்குள் பீச்சிய தண்ணீர் எதிர்பார்த்ததைவிட ரொம்பச் சூடாக வெளியே வந்தது. ஒரு துளி தண்ணீரிலிருந்து வந்த ஆவியில் இவ்வளவு சூடா? வாட் ஒரு கெட்டிலை எடுத்தார் (ஆமாம், கடைசியில் கெட்டில் வந்தேவிட்டது!). அதன் மூக்கில் வளைந்த கண்ணாடிக் குழாய் மாட்டி, ஆவியைக் குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டார். தண்ணீர் கொதிநிலைக்கு வந்ததும் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தார். ஒரு பங்கு ஆவி தண்ணீராக மாறும்போது தன்னைப்போல் ஆறு பங்கு தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது! ஓடிப்போய் ஜோசப் பிளாக்கிடம் சொன்னார். பிளாக் இதைத்தான் சில வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உள்ளுறை வெப்பம்!

நாம் தெர்மலில் படிக்கிற எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். 100 டிகிரி ஆவி 100 டிகிரி தண்ணீராக மாறும்போது ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 540 கிலோ கலோரி விடும். 15 டிகிரி தண்ணீர் ஒரு கிலோவை 100 டிகிரிக்கு ஏற்ற 85 கிலோ கலோரி போதும். 540-ஐ 85-ஆல் வகுத்தால் 6.35. வாட் கெட்டிலை வைத்துக்கொண்டு எடுத்த ஆறு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்! ஒரு கருவித் தொழிலாளியின் கை அது.

கண்டென்சேஷன் இவ்வளவு வலுவான வெப்ப மாற்றம் என்பது இதனால்தான். அம்மா இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் அடிப்பக்கம் பூரா தண்ணீர் கோத்திருக்கும். அந்த ஆவி கையில் பட்டால் கொதிக்கிற தண்ணீர் பட்டதைவிட மோசமாகப் பொசுக்குவது ஏன்? தோலில் பட்ட ஆவி அங்கேயே தண்ணீராகி அந்த 540-ஐயும் நம் கையில் இறக்கிவிட்டுப் போகிறது.

இப்போது வாட் முன்னால் இரண்டு தேவைகள், ஒன்றுக்கொன்று எதிரி. ஆவி வீணாகாமல் இருக்கச் சிலிண்டர் எப்போதும் கொதிக்கிற சூட்டில் இருக்க வேண்டும். நல்ல வெற்றிடம் கிடைக்க ஆவி நன்றாகக் குளிர வேண்டும். தண்ணீரைக் குறைவாகப் பீச்சினால் உள்ளே மிஞ்சுகிற வெந்நீரே வெற்றிடத்தில் மறுபடி கொதித்து, பிஸ்டனை எதிர்த்து நிற்கும். அதிகமாகப் பீச்சினால் சுவர் குளிர்ந்து அடுத்த ஆவியைத் தின்னும். ஒரே பாத்திரத்தில் சூடும் வேண்டும், குளிரும் வேண்டும் என்றால் எப்படி? ஒரு வருஷத்துக்கு மேல் இதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டார்.

1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தில் அன்று யாரும் வேலை செய்யக் கூடாது. கிளாஸ்கோ கிரீன் என்ற புல்வெளியில் உலாவப் போனார். துணி துவைக்கும் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது பளிச்சென்று பட்டது. ஆவி எங்கே வெற்றிடம் இருந்தாலும் ஓடும். அப்படியானால் சிலிண்டருக்கு வெளியே வேறொரு பாத்திரத்தைக் குளிர்ச்சியாக வைத்து, ஒரு குழாயால் இணைத்தால் ஆவி தானே அங்கே போய்த் தண்ணீராகும். சிலிண்டர் சூடாகவே இருக்கலாம், கண்டென்சர் குளிர்ச்சியாகவே இருக்கலாம்! அவ்வளவுதான் விஷயம். இதை 50 வருஷமாக யாரும் யோசிக்கவில்லை.

ஞாயிறு என்பதால் அன்று டூல்ஸைத் தொடவில்லை. பிறகு 1¾ இன்ச் விட்டம், 10 இன்ச் நீளமுள்ள பித்தளை சிரிஞ்ச் ஒன்றைச் சிலிண்டராக வைத்து மாடல் செய்தார். கண்டென்சருக்கு மெல்லிய தகரத்தில் இரண்டு குழாய்கள், செங்குத்தாக, குளிர்ந்த தண்ணீருக்குள். கூடவே ஒரு பம்ப். அந்தச் சின்ன சாமான் 18 பவுண்டு எடையைத் தூக்கிவிட்டது!

அந்தப் பம்ப் எதற்கு என்று நம்மில் பல பேர் கவனிப்பதில்லை. தண்ணீரை வெளியேற்ற மட்டும் இல்லை, காற்றை வெளியேற்றவும்தான். ஆவியோடு கொஞ்சம் காற்றும் வரும். ஆவி குளிர்ந்த பரப்பில் பட்டுத் தண்ணீராகிவிடும், காற்று ஆகாது. அது அந்தப் பரப்பை ஒட்டியே போர்வை மாதிரி தங்கிவிடும். பின்னால் வரும் ஆவி அந்தப் போர்வையைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். 1929-ல் ஓத்மர் என்பவர் அளந்து பார்த்தபோது, ஆவியில் நூற்றுக்கு அரைப் பங்கு காற்று இருந்தாலே வெப்ப மாற்றம் பாதியாகக் குறைந்துவிடுவது தெரிந்தது. வாட்டிடம் இந்த எண் இல்லை. ஆனால் பம்ப் இல்லாமல் கண்டென்சர் செல்லாது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. இன்றைய அனல் மின் நிலையத்திலும் கண்டென்சரோடு காற்றை உறிஞ்சும் எஜெக்டரோ பம்ப்போ இல்லாமல் இருக்காது.

மாடல் ஓடியதும் வாழ்க்கையும் ஓடியதா? அதுதான் இல்லை. 1764-ல் மார்கரெட் மில்லர் என்ற உறவுப் பெண்ணை மணந்திருந்தார். குழந்தைகள், கடன். கேரன் இரும்பாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ரோபக், கடனை ஏற்றுக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கு உரிமை வாங்கினார். 1769 ஜனவரி 5-ல் பேட்டண்ட் கிடைத்தது. ஆனால் கின்னீல் என்ற இடத்தில் கட்டிய 18 இன்ச் எஞ்சின் ஒழுகியது. சிலிண்டரை வட்டமாகக் கடைந்து தர அப்போது ஆள் இல்லை. இவர் கால்வாய் சர்வே வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். 1773-ல் ரோபக் திவால். அதே வருஷம் வாட் மலைப்பகுதியில் சர்வேயில் இருந்தபோது மார்கரெட் பிரசவத்தில் இறந்துபோனார். ஐடியா வந்து எட்டு வருஷம். கையில் இரண்டு சின்னப் பிள்ளைகள். வேலை செய்கிற எஞ்சின் ஒன்றுகூட இல்லை.

ரோபக்கின் பங்கை பர்மிங்ஹாமின் மேத்யூ போல்டன் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொண்டார். வாட் 1774-ல் பர்மிங்ஹாம் போனார். சோர்ந்து விழுகிற ஆளுக்கு உற்சாகமே உருவான கூட்டாளி! ஜான் வில்கின்சன் பீரங்கி கடைய ஒரு போரிங் மெஷின் செய்திருந்தார். அதில் சிலிண்டரைக் கடைந்ததும் ஒழுகல் நின்றது. 1776-ல் முதல் இரண்டு எஞ்சின்கள் ஓடின, ஒன்று டிப்டன் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில், ஒன்று வில்கின்சனின் உலையில். நியூகமன் எஞ்சின் நாலு வண்டி கரி தின்ற வேலைக்கு இதற்கு ஏறக்குறைய ஒரு வண்டி போதும். கார்ன்வால் சுரங்கங்களில் கரி கடல் வழியே வர வேண்டும், விலை அதிகம். அங்கே எஞ்சினை வைத்து, மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கூலியாக வாங்கினார்கள். பீச்சுக் குழாயை இடம் மாற்றியதற்கு இவ்வளவு பணம்!

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பணம் அவரைக் கொஞ்சம் மாற்றவும் செய்தது. 1775-ல் பார்லிமெண்ட் சட்டத்தால் பேட்டண்டை 1800 வரை நீட்டித்துக்கொண்டார்கள். ஹார்ன்புளோவர் போன்றவர்கள் மேல் வழக்கு மேல் வழக்கு. உயர் அழுத்த ஆவி ஆபத்து என்று கடைசிவரை எதிர்த்தார். தன்னை ஒரு சபை தடுத்ததுபோல அவரும் மற்றவர்களைத் தடுத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. நடுவில் சன் அண்ட் பிளானட் கியர் (1781), பேரலல் மோஷன் (1784), கவர்னர் (1788) எல்லாம் வந்தன. குதிரைத் திறன் என்பதை நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வகுத்ததும் அவர்தான். இவை நம் பாடத்திலேயே இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

கண்டென்சருக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். மாடலில் குழாய்ப் பரப்பில் ஆவியைக் குளிரவைத்த வாட், விற்ற எஞ்சின்களில் அதை விட்டுவிட்டுத் தனிப் பாத்திரத்துக்குள் தண்ணீரைப் பீச்சும் முறைக்கே போனார். அழுக்குத் தண்ணீரில் மெல்லிய குழாய்களைக் கட்டி மேய்ப்பது கஷ்டம். பிறகு கப்பல்களுக்காக 1834-ல் சாமுவேல் ஹால் குழாய்க் கண்டென்சரைப் பேட்டண்ட் எடுத்தார். கடல் தண்ணீர் கலக்காமல் பாய்லருக்கு நல்ல தண்ணீர் திரும்பக் கிடைக்க வேறு வழியில்லை.

அந்தக் குழாயின் மேல் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டவர் ஜெர்மனியின் நுஸ்ஸல்ட், 1916-ல். தண்ணீராக மாறிய ஆவி பரப்பின் மேல் மெல்லிய படலமாக வழிகிறது. இனி வரும் வெப்பம் இந்தத் தண்ணீர்ப் படலத்தைக் கடந்துதான் உலோகத்துக்குப் போக வேண்டும். ஆக, கண்டென்சேஷனுக்கு முதல் தடை கண்டென்சேஷனில் வந்த தண்ணீரேதான்! கீழே போகப் போகப் படலம் தடிக்கும். செங்குத்துக் குழாயின் உயரத்தை 16 மடங்காக்கினால் சராசரி வெப்ப மாற்றக் கெழு பாதியாகிவிடும். படுக்கை வாட்டக் குழாயில் தண்ணீர் கொஞ்ச தூரம் வழிந்ததுமே சொட்டிவிடும். மின் நிலையக் கண்டென்சர்களில் குழாய்கள் படுத்திருப்பது இதனால்தான். 1930-ல் ஜெர்மனியிலேயே ஷ்மிட் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். தண்ணீர் ஒட்டாத பரப்பாக இருந்தால் படலம் வராது, துளித் துளியாகத் திரண்டு உருண்டு ஓடிவிடும். வெறும் உலோகம் மறுபடி மறுபடி ஆவிக்கு முகம் காட்டும். வெப்ப மாற்றம் பல மடங்கு கூடும். ஆனால் அந்த ஒட்டாத பூச்சு நாளாக நாளாகத் தேய்ந்து பழையபடி படலமாகிவிடும். இத்தனை வருஷமாகியும் இது தீராத வழக்கு. நம்மில் யாராவது தீர்க்கலாம், தடை ஒன்றுமில்லை!

வாட் 1800-ல் பேட்டண்டோடு தொழிலிலிருந்தும் ஓய்வு பெற்றார். ஜோசப் பிளாக் அதற்கு முந்தைய வருஷம் போய்விட்டார். இரண்டாம் மனைவி ஆன் மெக்ரிகருக்குப் பிறந்த, அவர் உயிரையே வைத்திருந்த மகன் கிரிகரி, காச நோயில் 1804-ல் இறந்தார். அதன் பிறகு ஹேண்ட்ஸ்வொர்த்தில் தன் வீட்டு மாடி ஒர்க் ஷாப்பில், சிலைகளைப் பார்த்து அப்படியே செதுக்கும் மெஷின் ஒன்றைச் செய்துகொண்டு பொழுதைக் கழித்தார். 1819 ஆகஸ்ட் 25-ல், 83 வயதில், காலமானார். 1889-ல் திறனின் அலகுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

அந்த மாடி அறை அவர் இறந்த பிறகு ரொம்ப காலம் டூல்ஸோடு அப்படியே கிடந்தது. 1924-ல் அதிலிருந்த 8,000-க்கும் மேற்பட்ட சாமான்களைப் பெயர்த்து லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். 1765-ல் அவர் செய்து பார்த்த கண்டென்சர் மாடலும் அந்த மியூசியத்தில்தான் இருக்கிறது. சில ஸ்ட்ரோக்கில் நின்றுபோன அந்த 2 இன்ச் நியூகமன் மாடல் மட்டும் கிளாஸ்கோவிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ஹன்டேரியன் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.